நோயாளிக்கு யார் சொல்வது?

நள்ளிரவில் பங்கு இல்லத்துத் தொலைபேசி ஒலித்தால், பெரும்பாலும் அது மருத்துவமனையிலிருந்து வரும் அழைப்பாகவே இருக்கும். திருத்தைலக் குப்பியையும் சிறு செபநூலையும் எடுத்துக்கொண்டு செல்கிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். பச்சை அங்கி ஒன்றை மேலே அணிவிப்பார்கள். ஐந்து நிமிடம் மட்டுமே அனுமதி என்பார் செவிலியர். உள்ளே நாம் காணும் முகத்தை அடையாளம் கண்டுகொள்ளவே சற்று நேரமாகும்.

ஈராண்டுகளுக்கு முன் அப்படியோர் இரவு. படுக்கையில் கிடந்தவர் நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். நுரையீரலில் புற்று, பதினொரு மாதம் மருத்துவம் நடந்தது. அந்தப் பதினொரு மாதமும் ஞாயிறுதோறும் இரண்டாம் திருப்பலிக்கு வந்தவர். நம் கையால் நற்கருணை பெற்றவர். மெலிந்துகொண்டே வந்ததை நாமும் பார்த்தோம். உடல்நலம் எப்படி என்று வாசலில் கேட்போம், பரவாயில்லை சாமி என்பார், அத்தோடு முடிந்துவிடும். அன்றிரவு கதவருகே நம்மைத் தடுத்து நிறுத்திய மகன் தாழ்ந்த குரலில் சொன்னார்: “சாமி, அப்பாவுக்குக் கான்சர்னே தெரியாது. பூசுதல்னு அவர் காதுல விழாம முடிச்சிருங்க.” வாயில் குழாய் செருகப்பட்டு, மயக்க மருந்தில் கிடந்த ஒருவரைப் பற்றிய எச்சரிக்கை அது. நாமும் அவ்வாறே குரலைத் தாழ்த்தி முடித்தோம். மூன்றாம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். அடக்கத்துக்குப் பின் அவர் துணைவியார் நம்மிடம் வந்து கேட்டார்: “ஏதாவது சொல்லணும்னு நினைச்சிருப்பாரோ சாமி?”

நம்மிடம் விடை இல்லை. வீடு திரும்பிய பின்னரும் அக்கேள்வி நம்மை விடவில்லை. குருமடத்தில் அறநெறி இறையியல் வகுப்பில் எழுதிய பழைய குறிப்பேடுகளைத் தேடியெடுத்து வாசிக்கத் தொடங்கியது அதனால்தான். அந்த வாசிப்பில் கண்ட சிலவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

1215ஆம் ஆண்டு திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் உரோமையில் கூட்டிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கத்தை, உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில் நன்மை வாங்கும் கடமையை விதித்த சங்கமாகவே நம்மில் பலர் அறிவோம். அதே சங்கத்தின் 22ஆம் விதி மருத்துவர்களைப் பற்றியது. நோயாளியிடம் அழைக்கப்படும் மருத்துவர் எவரும், மருந்து கொடுக்குமுன் ஆன்ம மருத்துவரை, அதாவது குருவை, வரவழைக்கும்படி நோயாளியை முதலில் தூண்டவேண்டும் என்கிறது அவ்விதி. மீறும் மருத்துவர் கோவிலுக்குள் நுழையத் தடை. இதை வாசிக்கும் இக்காலத்தார் பழங்காலத்துக் கண்டிப்பு என்று சிரிக்கக்கூடும். ஆனால் அவ்விதிக்குச் சங்கத் தந்தையர் கூறும் காரணங்களுள் ஒன்று நம்மைத் திடுக்கிடச் செய்தது. நோய் முற்றிய பின் படுக்கையில் கிடப்பவரிடம், ‘உமது ஆன்மாவைக் கவனித்துக்கொள்ளும்’ என்று மருத்துவர் சொன்னால், அவர் நம்பிக்கை இழந்து அதனாலேயே சாவின் ஆபத்துக்கு எளிதில் உள்ளாகிறார். ஆகவே தொடக்கத்திலேயே, எல்லாருக்குமே, அது சொல்லப்படவேண்டும். எல்லாரிடமும் முதல் நாளிலேயே சொல்லிவிட்டால், குருவின் வருகை சாவுக்குக் கட்டியம் கூறுவதாக இராது அன்றோ! எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இப்படியோர் உளநூல் நுட்பம்.

அந்த விதி நிலைத்திருந்தால் நம் ஆசிரியரின் மகன் நம்மைக் கதவருகே தடுத்திருக்கமாட்டார். நடந்ததோ வேறு. யாக்கோபு திருமுகம் நோயுற்றவருக்கென்று கூறும் தைலப் பூசுதல், இடைக்காலத்தில் சிறிது சிறிதாகச் சாகக் கிடப்பவருக்கே உரியதாயிற்று. அதைப் பெற்றவர் பிழைத்தெழுந்தாலும் இல்லறம் நடத்தலாகாது, இறைச்சி உண்ணலாகாது, வெறுங்காலோடு நடக்கலாகாது என்றெல்லாம் மக்களிடையே ஒரு மூடநம்பிக்கை பரவியிருந்தது. 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மறைமாவட்டச் சங்கங்கள் இதைக் கண்டித்தன. கண்டித்தும் அச்சம் போகவில்லை. நம் பாட்டிமார் ‘அவஸ்தைப்பூசுதல்’ என்றே அழைத்தனர். அப்பெயரிலேயே சாவின் வேதனை ஏறிக்கிடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் ‘நோயில்பூசுதல்’ என்பதே பொருத்தமான பெயர் என்றது. 1972இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் சடங்கையே புதுப்பித்தார். பெயர் மாறி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. கதவருகே நின்று தடுக்கும் கை மாறவில்லை.

இனி மருத்துவத்தின் பக்கம் திரும்புவோம். 1952ஆம் ஆண்டு கோடையில் டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவிற்று. சுவாசத் தசைகள் செயலிழந்து நாள்தோறும் நோயாளிகள் மடிந்தனர்; பெரும்பாலோர் குழந்தைகள். பிளக்தாம் மருத்துவமனைக்கு அழைக்கப்பட்ட மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சென், ஆகஸ்டு மாத இறுதியில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, இரப்பர்ப் பை ஒன்றைக் கையால் அழுத்தி அழுத்தி அவள் நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் நோயாளிகளின் படுக்கையருகே அமர்ந்து அப்பைகளை அழுத்தினர். கையால் உயிர்மூச்சு ஊட்டிய அம்மாணவர்களை நினைக்கும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது. மறு ஆண்டின் இறுதியில் இப்சென் அதே நகரில் இத்தகு நோயாளிகளுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் இதுவே என்பர். கைகள் செய்ததை விரைவில் இயந்திரங்கள் ஏற்றன.

இந்தத் தொடக்கத்தை நாம் மறத்தலாகாது. அக்கருவி, கடந்துபோகக்கூடிய ஆபத்தை நோயாளி கடக்கும்வரை தாங்கிப் பிடிக்க வந்த பாலம். இன்றும் அப்பணியைச் செய்துவருகிறது. புற்றுநோயாளியைப் பொறுத்தும் அப்படித்தான்: அறுவைக்குப் பின்னான சில நாள்கள், மருந்தின் விளைவாக வெள்ளணுக்கள் குறைந்து தொற்று ஏறிய நேரம் ஆகியவற்றில் தீவிர சிகிச்சை பலரை வீடு திரும்பச் செய்திருக்கிறது. ஆகவே அப்பிரிவை எதிரியாகச் சித்திரிப்பது நன்றியின்மையாகும். அக்கரையே இல்லாத இடத்தில் பாலம் கட்டப்படும்போதுதான் சிக்கல் எழுகிறது.

அச்சிக்கலை முதலில் உணர்ந்தவர்கள் மருத்துவர்களே என்பது குறிப்பிடத்தக்கது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகர மயக்கவியல் மருத்துவர் புருனோ ஹைட், மீளும் நம்பிக்கையற்ற நோயாளிக்குச் சுவாசக் கருவியைப் பொருத்தியே தீரவேண்டுமா, பொருத்தியதை எடுக்கலாமா என்று திருத்தந்தையிடமே வினவினார். பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 நவம்பர் 24ஆம் நாள் மயக்கவியல் மருத்துவர்கள் முன் விடையளித்தார். உயிரையும் உடல்நலத்தையும் காக்க மனிதன் கடமைப்பட்டவன். ஆயின் ஆள், இடம், காலம், பண்பாடு ஆகியவற்றுக்கேற்பச் சாதாரணமான வழிகளையே, தனக்கோ பிறருக்கோ பெருஞ்சுமையாகாத வழிகளையே, பயன்படுத்தக் கட்டுப்பட்டவன். மருத்துவருக்கு நோயாளியைக் கடந்த தனியுரிமை ஏதும் இல்லை. நோயாளி, அவர் இயலாதபோது குடும்பத்தார், தரும் இசைவே அவருடைய அதிகாரம். இதுவே அவ்வுரையின் சாரம்.

இது திருத்தந்தை அன்று புதிதாய்க் கண்டுபிடித்த கருத்தன்று. 16ஆம் நூற்றாண்டில் சலமாங்கா பல்கலைக்கழகத்தின் சாமிநாதர் சபை இறையியலார் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா இதனை உணவை எடுத்துக்காட்டாக வைத்து ஆராய்ந்தார். கோழியும் கவுதாரியும் உண்டால் நீண்டநாள் வாழலாம் என்று மருத்துவர் சொன்னாலும், அவற்றை உண்ணாமல் எளிய உணவோடு நிற்பவர் பாவம் செய்வதில்லை என்றார் அவர். அவர் தோழர் தொமிங்கோ தெ சோத்தோ, உறுப்பை வெட்டியெடுக்கும் வேதனையைத் தாங்கும்படி எவரையும் கட்டாயப்படுத்த இயலாது என்றார். மயக்க மருந்து அறியாத காலம் அது! குருமடத்தில் பேராசிரியர் இவற்றைக் கரும்பலகையில் எழுதிப்போட்டபோது, தேர்வுக்குரிய செய்திகளாகவே நாம் மனப்பாடம் செய்தோம். ‘சாதாரணம்’, ‘அசாதாரணம்’ என்று இரு பத்திகள். கருவிகளை ஒருபக்கமும் கஞ்சியை மறுபக்கமும் எழுதிவைத்தோம். வித்தோரியா கருவிகளைப் பட்டியலிடவில்லை. இந்த நோயாளிக்கு இது எவ்வளவு சுமை என்று கேட்டார். அதை நோயாளியைக் கேளாமல் எவ்வாறு அறிவது? இக்கேள்வி அன்று நமக்கு எழவில்லை.

கேட்கவேண்டுமெனில் முதலில் சொல்லவேண்டும். 1961இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 219 மருத்துவர்களிடம் விசாரித்தபோது, ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் புற்றுநோயாளிக்கு அவர் நோயின் பெயரைச் சொல்வதில்லை என்றனர். சொன்னால் நோயாளி உடைந்துவிடுவார் என்பது அவர்கள் வாதம். நம் ஊர்க் குடும்பங்கள் இன்று சொல்வதையே அன்று அந்நாட்டு மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள்; ஆகவே இது கீழைநாட்டுப் பாசத்தின் தனிக்குணம் என்று நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை. 1979இல் அந்நாட்டில் இதே கேள்வி மீண்டும் கேட்கப்பட்டபோது, 97 விழுக்காட்டு மருத்துவர்கள் சொல்வதையே விரும்பினர். பதினெட்டு ஆண்டுகளில் இப்படியொரு தலைகீழ் மாற்றம்.

இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே, திருச்சபையின் உச்சியிலேயே ஒரு நோயாளிக்கு உண்மை சொல்லப்பட்டது. திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பருக்கு வயிற்றில் புற்றுநோய் இருப்பது 1962 செப்டம்பரில், பொதுச்சங்கம் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது தெரியவந்தது. 1963 மே 31, வெள்ளிக்கிழமை. மருத்துவத்தால் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்ற நிலையில், அவருடைய செயலர் லோரிஸ் கப்போவில்லா படுக்கையருகே சென்று, இறுதி நேரம் வந்துவிட்டது, ஆண்டவர் அழைக்கிறார் என்று அவரிடம் நேராகவே சொன்னார். முன்னரே கொடுத்திருந்த வாக்கின்படி செய்தார் அவர். இளங்குருவாக இருந்த காலத்தில் இதே அருளப்பர், பெர்கமோ ஆயர் ரதீனி தெதெஸ்கியின் செயலராக இருந்து, 1914 ஆகஸ்டில் புற்றுநோயால் அவர் இறந்தபோது உடனிருந்து இதே கடமையைச் செய்தவர். ‘அன்று உம் ஆயருக்கு நீர் செய்ததை இன்று உமக்கு நான் செய்கிறேன்’ என்ற பொருளிலேயே கப்போவில்லா பேசினார். பேசியவர்தாம் அழுதார், கேட்டவர் அவரைத் தேற்றினார். பின்னர்ப் பாவசங்கீர்த்தனம், வழியுணவாகிய நற்கருணை, பூசுதல் யாவும் முழு நினைவோடு நிகழ்ந்தன. ஊரிலிருந்து உடன்பிறந்தோர் வந்து சேர்ந்தனர். ஜூன் 3, பெந்தெகோஸ்தே திங்களன்று மாலை அவர் உயிர் பிரிந்தது.

இந்நிகழ்ச்சியில் ‘வழியுணவு’ என்ற சொல்லை அன்பர்கள் கவனிக்கவேண்டும். சாவை நோக்கிச் செல்பவருக்குத் திருச்சபை தரும் இறுதி அருட்சாதனம் பூசுதல் அன்று, நற்கருணையே. தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாசக் குழாய் வாய்வழி இறங்கிக் குரல்நாண்களுக்கு இடையே செல்கிறது. ஆகவே நோயாளியால் பேச இயலாது. குழாயைப் பொறுத்துக்கொள்ள மயக்க மருந்தும் தரப்படுவதால் பெரும்பாலும் நினைவும் இராது. பாவசங்கீர்த்தனம் செய்ய வாயில்லை. நற்கருணையை விழுங்க வழியில்லை. எஞ்சுவது நெற்றியிலும் கையிலும் நாம் இடும் தைலம் மட்டுமே. நம் ஆசிரியருக்குப் புறங்கையில் ஊசி. உள்ளங்கையை விரித்துத்தான் பூசினோம். நோயின் பெயர் காதில் விழாமல் காக்கப்பட்ட அந்த விசுவாசிக்கு, ஞாயிறுதோறும் அவர் பெற்றுவந்த நற்கருணை இறுதியில் மறுக்கப்பட்டுவிட்டது. மறுத்தவர்களுள் நாமும் ஒருவர்.

வேறொரு வழி இருந்தது. இலண்டனில் செவிலியராகவும் பின் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்த சிசிலி சாண்டர்ஸ், 1948இல் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த தாவீது தாஸ்மா என்ற போலந்து நாட்டு யூதரோடு பல நாள் உரையாடினார். தனிமையில் இறந்த அம்மனிதர், சாண்டர்ஸ் என்றோ கட்டப்போகும் இல்லத்தில் தாம் ஒரு சாளரமாக இருக்கவேண்டுமென்று 500 பவுனை அவருக்கு விட்டுச்சென்றார். சாண்டர்ஸ் மருத்துவம் படித்துத் தேறி, அயர்லாந்துப் பிறரன்புச் சகோதரிகள் 1905 முதல் நடத்திவந்த புனித சூசையப்பர் இல்லத்தில் பணிபுரிந்தார். வலி வந்தபின் மார்பின் தருவதற்கு மாறாக, வலி வருமுன்னரே நேரம் தவறாமல் வாய்வழி தந்தால் நோயாளி தெளிவாகவும் வலியின்றியும் இருக்கிறார் என்பதை அங்கே நிறுவினார். 1967இல் புனித கிறிஸ்தோபர் இல்லம் திறக்கப்பட்டது. வலியைத் தணிக்கும் மருந்து ஆயுளை ஓரளவு குறைக்கக்கூடுமாயினும் வலி தீர்ப்பதற்காக அதைத் தரலாம் என்று பன்னிரண்டாம் பத்திநாதர் அதே 1957இன் தொடக்கத்தில் கூறியிருந்தார் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கவேண்டும். நம் மக்கள் பலர் மார்பின் என்றாலே பாவமோ என்று தயங்குகிறார்கள்.

அதன்பின் வந்த ஆண்டுகளில் மருத்துவர்கள் நோயின் பெயரைச் சொல்லப் பழகினர். இறுதியைப் பற்றிப் பேசப் பழகினார்களா? 1995இல் வெளிவந்த பெரும் ஆய்வொன்று அமெரிக்காவின் 5 மருத்துவமனைகளில் 9,105 கடும் நோயாளிகளைத் தொடர்ந்தது. நெஞ்சை அழுத்தி இதயத்தை மீண்டும் இயக்க முயலவேண்டாம் என்று விரும்பிய நோயாளிகளின் விருப்பத்தை அறிந்திருந்த மருத்துவர்கள் 47 விழுக்காடே. 2008இல் முற்றிய புற்றுநோயாளிகள் 332 பேரை ஆராய்ந்த மற்றொரு குழு, அவர்களுள் 37 விழுக்காட்டினரிடம் மட்டுமே இறுதிக்காலம் குறித்து மருத்துவர் பேசியிருப்பதைக் கண்டது. பேசப்பட்டவர்களுள் இறுதி வாரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டோர் 4.1 விழுக்காடு, பேசப்படாதவர்களுள் 12.4. சுவாசக் கருவி பொருத்தப்பட்டோர் முறையே 1.6, 11. பேசுவதற்கு இசைந்த மனநிலையினரிடமே பேசியிருக்கலாம். ஆதலால் எண்களை அளவுக்கு மேல் நம்பவேண்டாம். ஆயினும் ஒன்று: பேசப்பட்டவர்கள் மற்றவர்களைவிட மனச்சோர்வில் மிகுந்திருக்கவில்லை. உடைந்துவிடுவார் என்ற அச்சத்துக்கு அங்கே சான்றில்லை. 2010இல் பாஸ்டன் நகரில், பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலேயே நோய்தணிப்புச் சிகிச்சையையும், அதன் பகுதியான உரையாடலையும் அளித்தனர். அவர்கள் இறுதியில் கடுஞ்சிகிச்சை குறைவாகவே பெற்றனர். ஆயினும் அவர்தம் ஆயுள் இடைநிலை அளவில் 11.6 மாதம், மற்றவர்களுக்கோ 8.9.

இவற்றையெல்லாம் வாசித்துவந்த நமக்கு, நம்மையே குறிவைத்தவை போன்ற இரு ஆய்வுகள் காத்திருந்தன. 2009இல் வெளியான ஒன்றின்படி, நோயைத் தாங்கச் சமய நம்பிக்கையைப் பெரிதும் பற்றுக்கோடாகக் கொண்ட புற்றுநோயாளிகளில் 11.3 விழுக்காட்டினருக்கு இறுதி வாரத்தில் சுவாசக் கருவி பொருத்தப்பட்டது; மற்றவர்களில் 3.6 விழுக்காட்டினருக்கே. 2013இல் வந்த மற்றொன்று, தம் சமயக் குழுவினரின் ஆன்மீக ஆதரவை மிகுதியாகப் பெற்ற நோயாளிகளே தீவிர சிகிச்சைப் பிரிவில் இறப்பது கூடுதல் என்றது. மறுவுலக வாழ்வை நம்புகிறவர்கள் அல்லவா சாவை அமைதியாக எதிர்கொள்ளவேண்டும்? அமெரிக்கக் கிறிஸ்தவர்களைப் பற்றிய ஆய்வு என்று தள்ளிவிடப் பார்த்தோம், மனம் ஒப்பவில்லை. நோயாளியின் வீட்டுக்குச் செல்லும் நம் செபக் குழுவினர் எதற்காக மன்றாடுகிறார்கள்? குணத்துக்காக. நாம் தலையில் கைவைத்துச் சொல்வது என்ன? ‘ஒன்றும் ஆகாது, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.’ புதுமைக்காக மன்றாடுவது தவறன்று. ஆனால் அம்மன்றாட்டு மட்டுமே நடக்கும் வீட்டில், நோயாளி தம் அச்சத்தை வெளியிட்டால் அது அவிசுவாசமாகிவிடுகிறது. அவர் வாயடைத்துப் போகிறார். குழாய் பின்னர்தான் வருகிறது.

சட்டத்தைப் பற்றியும் சிறிது. நம் உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 9ஆம் நாள் அளித்த தீர்ப்பில், மீளமுடியாத நிலையில் தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்றது. நடைமுறை கடினமாயிருந்ததால் 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது. இரு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவுபெற்ற அலுவலர் முன் கையொப்பமிட்டால் போதும். கருணைக்கொலையைத் திருச்சபை ஒருபோதும் ஏற்பதில்லை. உணவும் நீரும் ஊட்டுவதைப் பொதுவாகச் சாதாரணக் கடமையாகவே அது கருதுகிறது. ஆனால் பயனற்றதும் பெருஞ்சுமையானதுமான சிகிச்சையை வேண்டாமென்பது கொலையுமன்று, தற்கொலையுமன்று என்பதை 1980இல் உரோமைப் பேராயம் தெளிவாக அறிவித்துவிட்டது. பத்திரம் எழுதுவது நல்லதே. ஆயினும் வீட்டில் வாய்திறந்து பேசாத குடும்பத்தில் பத்திரம் பெட்டியிலேயே கிடக்கும் என்று அஞ்சுகிறோம்.

சென்ற ஆண்டு தவக்காலத்தில், மார்பகப் புற்று எலும்புவரை பரவிய ஒரு தாயைப் பார்க்கச் சென்றோம். எவரும் அழைக்கவில்லை, நாமே சென்றோம். மருமகளை வெளியே அனுப்பிவிட்டு, ‘நோயைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார் அம்மா?’ என்று கேட்க நமக்கு வெட்கமாகவே இருந்தது. அவர் நம்மைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “எல்லாம் தெரியும் சாமி. பிள்ளைங்க பயப்படுதுங்கன்னு தெரியாத மாதிரி இருக்கேன்” என்றார். பிறகு தாமாகவே சொல்லிக்கொண்டு போனார். மூச்சுக்குழாய் வேண்டாம், பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பார்த்தாயிற்று. வலிக்கு மட்டும் மருந்து வேண்டும். வளைகுடாவிலிருக்கும் இளைய மகன், தாம் பெட்டிக்குள் கிடக்கையில் வருவதைவிடப் பேச வாயிருக்கும்போதே வரட்டும். இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்ல நாம் உடனிருக்கவேண்டும்.

மறுநாள் மாலை எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினோம். மூத்த மகன் எழுந்து வெளியே போய்விட்டான். அரைமணி நேரம் கழித்தே வந்தான். தைலக் குப்பியை எடுத்தபோது அம்மா கேட்டார்: “இது போறவங்களுக்குத்தானே சாமி?” நாம் இலாத்தரன் சங்கத்தில் தொடங்கி, வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்ற கதைவரை சொன்னோம். “நடக்கவே முடியல, இதுல வெறுங்கால் வேற” என்று சிரித்துவிட்டுக் கைகளை நீட்டினார். இளைய மகன் பத்து நாளில் வந்து சேர்ந்தான். அதன்பின் ஐந்து வாரம், வெள்ளிக்கிழமைதோறும் அந்த வீட்டுக்கு நற்கருணை கொண்டு சென்றோம்.